இ.ஐ.டி.சி.யா, சைல்டு டாக்ஸ் கிரெடிட்டா?
அமெரிக்காவில் குறைந்த சம்பளத்தில் உழைக்கும் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் வரிச் சலுகைகள் இரண்டு. 1975-இல் வந்தது இ.ஐ.டி.சி. (Earned Income Tax Credit), அதாவது உழைத்துச் சம்பாதிப்பவருக்கான வரிச் சலுகை. பிள்ளைகளை வளர்ப்பவருக்கான சைல்டு டாக்ஸ் கிரெடிட் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

சரி, கணக்குப் போடுவோம். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய். 2024-இல் சம்பாதித்தது 15,000 டாலர். அவருக்கு வருமான வரியே வராது. ஆனாலும் இ.ஐ.டி.சி. சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது ஏறக்குறைய 6,000 டாலரைக் கையில் கொடுக்கும். சைல்டு டாக்ஸ் கிரெடிட்டில் அந்த ஆண்டு பிள்ளைக்கு 2,000 டாலர் என்பது பேச்சுக்குத்தான். 2,500-க்கு மேல் ஈட்டியதில் 15 சதவீதமே திரும்பி வரும்: 1,875 டாலர், அதுவும் இருவருக்கும் சேர்த்து!

பிள்ளை இல்லாதவருக்கு இ.ஐ.டி.சி.யும் கஞ்சம்தான், 2024-இல் அதிகபட்சம் 632 டாலர்.

இ.ஐ.டி.சி.யின் பெரிய குறை, பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் பிப்ரவரி நடுவுக்கு முன் வராது. வாடகையோ மாதாமாதம். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை சைல்டு டாக்ஸ் கிரெடிட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலர்வரை அனுப்பினார்கள், சம்பளமே இல்லாத வீட்டுக்கும். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் என் ஓட்டு அதற்கே. அப்புறம் பழைய கதைதான்.

தகுதி இருந்தால் இரண்டையும் சேர்த்தே கேட்கலாம். தன்னார்வலர்கள் வரிக் கணக்குக்கு உதவும் விட்டா (VITA) மையங்களில் படிவத்தை இலவசமாக நிரப்பித் தருவார்கள்.