ஹாரி பாட்டர் இரண்டாம் பாகம் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா?

முதல் பாகத்தை முடித்துவிட்டு "அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே" என்று பிள்ளைகள் நச்சரிக்கிற வீட்டுக்காரர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. ஹாரி பாட்டர் முதல் பாகத்தை ஒரு பெரிய ஷாப்பிங் தளத்தில் வாங்கிக் கொடுத்தேன். ப்ளூம்ஸ்பரி பதிப்பு, நல்ல தாள், நல்ல அச்சு. இரண்டாவதான 'சேம்பர் ஆஃப் சீக்ரெட்ஸ்' அதே தளத்தில் பாதி விலைக்கும் கீழே கிடந்தது. விஷயம் என்னவென்றால், இந்தத் தளங்களில் ஒரே புத்தகத்தை ஒரே பக்கத்தில் பல பேர் விற்பார்கள். நாம் அழுத்துகிற நேரத்தில் யார் பெயர் முன்னால் நிற்கிறதோ, அவரிடமிருந்து பார்சல் வரும். அந்தப் பெயர் பொடி எழுத்தில் எங்கோ ஓரத்தில் இருக்கும். மேலே ஜொலிக்கிற நட்சத்திரங்களும் பாராட்டுகளும் ரௌலிங் எழுதிய கதைக்கு விழுந்தவை. விற்கிறவரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

வந்தது பைரேட்டட் காப்பி. தாளில் மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. ஸ்கேன் பண்ணி அடித்ததால் எழுத்தெல்லாம் பிசிறு. பின்னட்டையில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகப் போடுகிற ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேடினால் முதல் பாகம் வருகிறது! முன்னட்டையை மாற்றியவர்கள் பின்னட்டையை மறந்துவிட்டார்கள். நான் இதையெல்லாம் நோண்டிக்கொண்டிருந்தபோதே பிள்ளை பாதிக் கதையைத் தாண்டிவிட்டாள்.

(கதை தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போங்கள்.)

15ஆம் அத்தியாயத்தில் ஹாரியும் ரானும் காட்டுக்குள் ராட்சதச் சிலந்திகளிடம் மாட்டுவார்கள். மந்திரம் போட்ட பழைய ஃபோர்டு ஆங்கிலியா கார் வந்து காப்பாற்றும். எங்கள் காப்பியில் கார் காப்பாற்றி வெளியே விட்டதும் மறுபடி சிலந்தி, மறுபடி கார். 16 பக்கம் சேர்ந்த ஒரு பாரத்தை இரண்டு முறை வைத்து ஒட்டிவிட்டு, அடுத்த பாரத்தை விட்டுவிட்டார்கள். "மாமா, ஜின்னிய எப்போ தூக்கிட்டுப் போனாங்க?" என்று ரானின் தங்கையைப் பற்றிக் கேட்கிறாள். விட்டுப்போன பக்கங்களில்தான் கல்லாகிக் கிடக்கிற தோழி ஹெர்மயனியின் கைக்குள்ளிருந்து, மர்மத்துக்குத் துப்புக் கொடுக்கிற அந்தக் கசங்கிய தாளை எடுப்பார்கள். ஜின்னி காணாமல் போன செய்தியும் அங்கேதான். மர்மக் கதையில் முடிச்சு அவிழ்கிற இடமே போச்சு. இன்னொன்றும் போனது. மற்றவர்கள் செய்த சாகசங்களைத் தன் பெயரில் எழுதி, அந்த ஏழு புத்தகங்களையும் பாடநூல் என்று பிள்ளைகள் தலையில் கட்டிய லாக்ஹார்ட் வாத்தியார் தன் பித்தலாட்டத்தை ஒத்துக்கொள்கிற இடமும் அதே பக்கங்கள்தான். திருட்டுப் பதிப்பு போட்டவருக்கு அது உறுத்தியிருக்கும் போல.

இப்படிச் சில பக்கங்கள் இரண்டு முறை வந்து, அடுத்த பக்கங்கள் விட்டுப்போவது ஒரிஜினலிலும் எப்போதாவது நடக்கும், கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். எனக்கு விற்ற ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "பைண்டிங் மிஸ்டேக் சார், அந்தப் பக்கத்த மட்டும் பிடிஎஃப் அனுப்பவா?" திருட்டுக்கு மேல் திருட்டு! ரிட்டர்ன் கேட்டால், படித்த புத்தகம், எடுக்க முடியாது என்று பதில். தளத்தின் கஸ்டமர் கேரும் அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது.

விடாதீர்கள். 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி பொருள் போலி என்றாலோ, குறை இருந்தாலோ, விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐஎஸ்பிஎன், இரண்டு முறை வந்த பக்கம், பில் மூன்றையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். அதற்கப்புறம்தான் அசைந்தார்கள். முழுப் பணமும் வந்தது. அந்த விற்பனையாளர் மட்டும் அதே படத்தோடு, அதே விலையில் இன்னும் கடை விரித்திருக்கிறார்.

செட்டாக வாங்கியவர்களும் ஒவ்வொரு பாகத்தின் பின்னட்டை எண்ணையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் 15, 16ஆம் அத்தியாயங்களில் பக்க எண் வரிசையாக ஓடுகிறதா என்று ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் புரட்டிவிடுங்கள்.