பிரஷ் கார்டைக் கழற்றி மறுபடி பெயின்ட் அடித்து, நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு முன்னால் இருக்கும் பிரஷ் கார்டு என்ற இரும்புக் குழாய்ச் சட்டம் அடி வாங்குவதற்கென்றே மாட்டுகிற பொருள். புதரும் கிளையும் ஹெட்லைட்டையும் கிரில்லையும் கீறாதபடி அது குறுக்கே நிற்கிறது. அதனால் அதன் பூச்சு எவ்வளவு கெட்டி என்று பார்ப்பதைவிட, பெயர்ந்த இடத்தை வண்டியில் இருக்கும்போதே நம் கையால் சரிசெய்ய முடிகிறதா என்று பார்ப்பதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. பவுடர் கோட்டிங்கோடு வந்த கார்டைக் கழற்றி, வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சும் மேலே கருப்பு பெயின்ட்டும் அடித்து மாட்டியதிலிருந்து பல மழைக்காலம் பார்த்தாயிற்று. எந்த இடம் தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

பவுடர் கோட்டிங்கை நான் குறை சொல்லவில்லை. மின்னூட்டம் ஏற்றிய பொடியை இரும்பின்மேல் தூவி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி இறுக வைக்கிறார்கள். பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான் தடிமன் இருக்கும். கீறலைச் சாதாரண பெயின்ட்டைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் ஒரு கல் தெறித்து இரும்பு வரை துளை விழுந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. அந்தப் பொட்டு வழியாக ஈரம் இறங்கி, பூச்சுக்கு அடியிலேயே துரு பக்கவாட்டில் பரவும். மேலே பார்த்தால் கருப்பாக, அழகாகத்தான் இருக்கும். நகத்தால் லேசாக நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வரும், அடியில் முழுக்கச் செம்பழுப்புத் தூள். என் கார்டில் கீழ்க்குழாயின் முன்பக்கமும், ஹெட்லைட்டைச் சுற்றி வளையும் கம்பிகளின் வெல்டிங் இணைப்புகளும்தான் முதலில் போயின. வெல்டிங்கில் தெறித்த உலோகத் துளியும் கசடும் ஒட்டியிருக்கும் இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது. கூரான விளிம்பிலும் அப்படித்தான், எந்தப் பெயின்ட்டும் அங்கே மெலிந்துதான் நிற்கும்.

கழற்றுவதில் பெரும்பாடு போல்ட்டோடுதான். கார்டின் பிராக்கெட் சேஸிஸ் முனையில் கீழ்ப்பக்கமாக இறுகியிருக்கும், சக்கரம் வாரி அடிக்கும் சேறு அத்தனையும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். முதலில் வயர் பிரஷ் போட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் துரு இளக்கும் எண்ணெயை எவ்வளவு அடித்தாலும் சேறுதான் குடிக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை எண்ணெய் விட்டேன். அப்புறம் ஆறு முனை சாக்கெட் போட்டு, கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி அழுத்த வேண்டும். துருவின் பிடி விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், மரையிலிருந்து சிவப்புத் தூள் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டால் போல்ட் வந்துவிடும். சத்தமே இல்லாமல், தலை மட்டும் ரப்பர்போல இழுபட்டுக்கொண்டு திரும்பினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கால் சுற்று போனால் ஒடியும். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, நடுநடுவே எண்ணெய் விட்டுக் கழற்றினால் தப்பிக்கலாம். சேஸிஸுக்குள் நட் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும் வண்டிகளில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம். உள்ளே நட் பிய்ந்து சுற்ற ஆரம்பித்தால் சேஸிஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தீ காட்டிச் சூடேற்றுவது பலன் தரும் வழிதான். ஆனால் எண்ணெய் நனைந்த இடத்திலும், பிளாஸ்டிக் பம்பருக்கும் வயருக்கும் பக்கத்திலும் அதை நினைக்கவே கூடாது.

கார்டில் ஃபாக் லைட் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வயர் போகும் வழியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு கனமானது, தனியாளாகத் தூக்க வேண்டாம். ஜாக்கியின்மேல் பலகை வைத்துக் கீழே தாங்கல் கொடுத்து, மேல் போல்ட்டைக் கடைசியாக எடுத்தால் திடீரென்று சாயாது.

கழற்றிய பிறகு பின்னால் இருப்பதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை இந்த வேலையைச் செய்யலாம். பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மண் கெட்டித்துப்போய், எப்போதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. கார்டைவிடச் சேஸிஸ் முனையைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. அங்கே மேல்துருதான், சுரண்டி பெயின்ட் அடித்தால் போதும் என்ற நிலை. இதே இடம் இன்னும் சில வருடம் கவனிக்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கீழ்க்குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும், அது மண்ணால் அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் செந்நிறத் தண்ணீர் சொட்டியது. குழாய்க்குள் தண்ணீர் நின்றால் துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியே என்ன பூச்சு அடித்தும் பயனில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அடிப்பக்கம் முழுக்க அழுத்திப் பார்த்தேன், எங்கும் உள்ளே போகவில்லை. போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சுரண்டுவதற்கு முன் தேய்த்துக் கழுவி, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பிசுக்கோடு கிரைண்டரை வைத்தால் அதையும் சேர்த்து இரும்பில் தேய்த்து ஏற்றிவிடும். கிரைண்டரில் மாட்டும் வயர் கப் பவுடர் கோட்டிங்குக்குச் சரிப்படவில்லை. பூச்சைப் பிய்க்காமல் சூடாக்கி மெருகேற்றுகிறது. நைலான் வலைபோன்ற ஸ்ட்ரிப் டிஸ்க்தான் வேகமாக, இரும்பைத் தின்னாமல் எடுத்தது. வெல்டிங் மூலைகளுக்கு 80 நம்பர் உப்புத்தாளும் அரமும் கைவேலையும்தான். கூரான விளிம்புகளை அப்போதே அரத்தால் லேசாக மழுக்கிவிட்டேன். மணல் வீச்சுக்குக் கொடுக்க வசதி இருந்தால் கொடுத்துவிடுங்கள், துருக்குழிக்குள் அது போகிற மாதிரி எந்த டிஸ்க்கும் போகாது. எந்த வழியானாலும் கண்ணாடியும் தூசு மாஸ்க்கும் போடாமல் இறங்காதீர்கள்.

துருமாற்றித் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்பாரிக் அமிலம் கலந்தவை துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும், டானிக் அமிலம் கலந்தவை கருநீல டானேட்டாக மாற்றும். சுரண்ட முடியாத குழிகளுக்கு இவை நல்லவை. ஆனால் அமிலம் மிச்சம் இருக்கும் இரும்பில் எபாக்ஸி பிரைமர் சரியாக இறுகாது, பிடிக்காது. டப்பாவில் சொன்னபடி கழுவியோ துடைத்தோ, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. துத்தநாகம் நிறைந்த பிரைமர் அடிக்க நினைப்பவர்கள் துருமாற்றியை விட்டுவிடுவது நல்லது. துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரண்டும் நேரடியாகத் தொட வேண்டும்.

என் கார்டு இன்றைக்கும் நன்றாக இருக்கிறதென்றால் அதற்கு எபாக்ஸி பிரைமர்தான் காரணம். இரண்டு பாகமாக வரும், கலந்து வைத்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். வெறும் இரும்பை ராத்திரி முழுக்க வைத்திருக்கவே கூடாது. காற்றில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே மேலே மஞ்சள் படரும். இன்னொன்று, இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் உள்ள விதி. விடியற்காலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல் அடித்த பெயின்ட் பிறகு கொப்பளிக்கும்.

ஸ்ப்ரே செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. சின்ன பிரஷ் எடுத்து வெல்டிங் வரிகள், விளிம்புகள், போல்ட் துளையின் ஓரம், பிராக்கெட்டின் உள்மடிப்பு எல்லாவற்றிலும் முதலில் பிரைமரைக் குத்திக் குத்தித் தடவ வேண்டும். பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பெயின்ட் அடிப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இது. ஸ்ப்ரே போகாத மேடு பள்ளத்திலும் பிரஷ் மயிர் போகும். முன்பு முதலில் துருவேறிய அதே வெல்டிங் இணைப்புகள் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லாமல் நிற்கின்றன.

மேல்பூச்சுக்கு இரண்டு பாக யூரித்தேன் பெயின்ட்டே உறுதியானது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது. வெளிக்காற்று தரும் மாஸ்க்கோடு அடிக்க வேண்டிய பொருள், வீட்டுவாசல் வேலை இல்லை. சரக்கு வண்டித் தொட்டிக்கு அடிக்கும் சொரசொரப்பான பூச்சையும் யோசித்தேன். பள்ளம் மேட்டை மறைக்கும், அடியும் தாங்கும். ஆனால் சொரசொரப்பில் சேறு தங்கும், அடியில் துரு ஓடினால் தெரியாது. பவுடர் கோட்டிங்கில் பட்ட அதே தொல்லை. கடைசியில் அடித்தது சாட்டின், அதாவது மங்கலான பளபளப்புள்ள, கருப்பு எனாமல், ஸ்ப்ரே டப்பாவிலேயே. பளபளப்பை வேண்டாமென்று வைத்ததற்குக் காரணம், பின்னால் ஒட்டுப்போடும்போது பளபளப்பில் ஒட்டு பளிச்சென்று தெரியும், சாட்டினில் கலந்துவிடும். எபாக்ஸியை அப்படியே விட முடியாது, வெயில் பட்டால் வெளுத்துப் பொடியாக உதிரும். கார்டைக் கம்பியில் தொங்கவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று மெல்லிசாகப் பல கோட்டிங். எந்த இடைவெளியில் அடுத்த கோட்டிங் என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். முந்தின கோட்டிங் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது அடித்தால் எனாமல் சுருங்கிக்கொள்ளும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்ட வேண்டாம், முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும்.

மாட்டும்போது பிராக்கெட்டும் சேஸிஸும் தொடும் முகத்தில் பிரைமர் மட்டும் விட்டேன். அங்கே தடிமனாகப் பெயின்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க போல்ட்டின் இறுக்கம் குறையும். பழைய போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் இருந்த அதே தர எண்ணில் புதிது வாங்கி, மரையில் துருத்தடுப்புப் பசை தடவி, முறுக்க அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பசை தடவிய மரைக்கு உலர்ந்த மரைக்கான அளவைவிடக் குறைவான முறுக்கம்தான் வேண்டும், அதை மறக்காதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தபோது ஒன்றிரண்டு போல்ட் தளர்ந்திருந்தது. குழாய்க்குள் நீண்ட முனை கொண்ட ஸ்ப்ரேயால் மெழுகு அடித்து, வடிதுளையைத் திறந்தே விட்டேன்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? கீழ்க்குழாயின் முன்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கல் தழும்பு. எனாமல் பவுடர் கோட்டிங்கைவிட மென்மையானது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பல தழும்புகள் சாம்பல் நிறப் பிரைமரோடு நின்றுவிட்டன. இரும்பு வரை போனவையும் பொட்டாகவே நிற்கின்றன, பக்கவாட்டில் ஓடவில்லை. மழைக்காலம் முடிந்ததும் 240 நம்பர் உப்புத்தாளால் அந்தப் பொட்டுகளைத் தேய்த்து, துடைத்து, பல்குச்சி நுனியால் எபாக்ஸி வைத்து, காய்ந்ததும் கருப்பு தொட்டுவிடுகிறேன். கழற்ற வேண்டியதே இல்லை. இழுவைக் கயிறு உரசும் வளைவில் பெயின்ட் நிற்பதே இல்லை. அங்கே எந்தப் பூச்சும் நிற்காது என்று நினைக்கிறேன், இப்போது கயிற்றுக்கு உறை போட்டிருக்கிறேன். எதிர்பாராமல் கோளாறு காட்டியது பிராக்கெட்டில் இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு. அங்கிருந்து பழுப்புக் கோடு வடிந்தது. பெயின்ட் அந்த இடுக்கை மூடாது. காய்ந்த நாளில் சுத்தம் செய்து, இடுக்கை அடைக்கும் சீம் சீலர் பசையைப் பூசிய பிறகு நின்றுவிட்டது. உங்கள் கார்டில் அப்படி இடுக்கு இருந்தால் பிரைமர் காய்ந்ததுமே பூசிவிடுங்கள்.

கழற்றியது கழற்றியாயிற்று, திரும்ப மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று. கார்டு இல்லாமல் ஓட்டிய நாட்களில் முன்பக்கம் லேசானது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது, ஹெட்லைட் வெளிச்சமும் சற்று மேலே போனது. ஏர்பேக் உள்ள வண்டிகளில், அந்த மாடலுக்கென்று சோதித்துச் செய்யாத கார்டு சென்சாரின் கணக்கைக் கெடுக்கலாம். நடந்து போகிறவர்மேல் பட்டால் காயமும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இவற்றுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது இதனால்தான். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியென்றால் நான் மாட்டவே மாட்டேன். உங்கள் பகுதியின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளும் கிளையும் அடிக்கடி உரசும் பாதையில் போவதால்தான் என் வண்டியில் அது திரும்ப ஏறியது. அடுத்த வறண்ட பருவத்தில் ஹெட்லைட் வளையங்களை மட்டும் 400 நம்பர் தாளால் மேலாகத் தேய்த்து, வண்டியிலேயே பேப்பர் ஒட்டி மறைத்து, சாட்டின் கருப்பு ஒரு கோட்டிங் அடிக்கப்போகிறேன். வெயிலில் அவைதான் மற்ற இடங்களைவிட அதிகம் மங்கியிருக்கின்றன.