பணம் போனது போகட்டும், ஈ.எல்.சி.பி.யை மட்டும் யாரையும் தொட விடாதீங்க

எங்க வீடு கேரளத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் போற ரோட்டை ஒட்டி இருக்கு. வீட்டுல பேசறது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், கரண்ட் கே.எஸ்.இ.பி., சாமான் வாங்கறதுன்னா கோயமுத்தூர், இல்லேன்னா பொள்ளாச்சி. இந்தப் பக்கம் முக்கால்வாசி குடும்பம் இப்படித்தான். பாத்ரூம் சாமான் வாங்கி நான் ஏமாந்ததுல இந்த எல்லைக்கோட்டுக்கும் பங்கு இருக்குங்கிறதால இதை முதல்லயே சொல்லிடறேன்.

2023 சித்திரையில அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். பாத்ரூமைப் பெயர்த்து வெஸ்டர்ன் வைக்கணும், கீசர் மாட்டணும். பிளம்பர் ஊருக்குள்ள தெரிஞ்ச ஆள்தான், மரியாதையாப் பேசுவார். "அக்கா, நீங்க அலையாதீங்க. எம் பேருக்குப் பணத்தைப் போட்டு விடுங்க, நானே கடையில எடுத்தாந்தர்றேன். எனக்கு டீலர் ரேட்டு. பில்லு போட்டா பதினெட்டு பர்சன்ட் சேத்துக் குடுக்கோணும், எதுக்குங்க வீணா?"

ஆஸ்பத்திரி அலைச்சல்ல இருந்தேன். சரின்னுட்டேன். எட்டு குழாய், ஷவர், கிச்சன் சிங்க், 25 லிட்டர் கீசர், எல்லாம் சேத்து 38,400 ரூபாய். ஜிபே பண்ணினது பிளம்பரோட சொந்த நம்பருக்கு. கைக்கு வந்தது கோவை போற வழியில இருக்கற ஒரு கடையோட மஞ்சச் சீட்டு. மேல "எஸ்டிமேட்"னு அச்சடிச்சிருந்தது. எம் பேர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கீசரோட சீரியல் நம்பரும் இல்லை. அன்னைக்கு அதைப் பில்லுன்னே நினைச்சு அலமாரியில பத்திரமா வெச்சேன்.

அந்தப் பதினெட்டு பர்சன்ட் பேச்சே பூச்சாண்டி. பெட்டி மேல இருக்கற எம்.ஆர்.பி.யில எல்லா வரியும் அடக்கம். எம்.ஆர்.பி.க்கு மேல வரின்னு ஒரு பைசா கேக்க முடியாது. பில் இல்லாம வித்தா யாருக்கு லாபம்னு எனக்கு உறைக்கறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

முதல்ல போனது குழாய். ஏழாவது மாசமே மேல்பூச்சு பொக்கு பொக்கா உரிய ஆரம்பிச்சுது. நம்ம போர் தண்ணிக்கு எதுவும் நிக்காதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒரு நாள் காலையில வாஷிங் மெஷின் குழாயைத் திருகினேன், முழுக் குழாயும் கையோட வந்துருச்சு. மரை மட்டும் சுவத்துக்குள்ள பைப்பு வளைவுல (எல்போ) மாட்டிக்கிச்சு. தண்ணி பீச்சியடிக்குது, அம்மா மாடிக்கு ஓடி டேங்க் வால்வை அடைச்சாங்க. மரையை எடுக்க டைல்ஸை உடைக்க வேண்டி வந்தது. ஒடஞ்ச இடத்தைப் பாத்தேன், சாம்பல் நிறத்துல மாக்கல்லு மாதிரி பொடபொடன்னு இருந்தது. பித்தளைன்னா மஞ்சளா இருக்கணும். இது துத்தநாகக் கலவையை வார்த்து மேல குரோம் ஏத்தினது.

அப்புறம் வாங்கின பித்தளைக் குழாயையும் இதையும் சமையக்கட்டுத் தராசுல வெச்சேன். உருவம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. பழசு 190 கிராம், புதுசு 410. கடையில தராசு கேட்டு நிக்க வேண்டாம். மரையோட உள்பக்கம் குரோம் ஏறாத இடம் இருக்கும், அதை வெளிச்சத்துல பாருங்க. மஞ்சளா இருந்தா எடுங்க, சாம்பலா இருந்தா வெச்சுட்டு வாங்க.

சிங்க்கும் அதே லட்சணம். பிளம்பர் காந்தத்தை வெச்சுக் காட்டி "ஒட்டலை பாருங்கக்கா, அசல் 304" அப்படின்னார். 304ங்கிறது நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒட்டாததை வெச்சு 304னு சொல்ல முடியாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேத்த 202ங்கிற மலிவு ரகத்துலயும் காந்தம் சரியா ஒட்டாது. எங்க சிங்க்குல இப்ப சுத்தியும் பழுப்புப் புள்ளி. ஒழுகலை, அதனால விட்டுட்டேன்.

கீசர் அப்படி விடற விஷயம் இல்லை. பதினாலாவது மாசம், கீசர் சுவிட்சைப் போட்டா வீடு மொத்தமும் கரண்ட் போக ஆரம்பிச்சுது. போர்டுல ஈ.எல்.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா தானே வெட்டற சுவிட்ச், விழுந்து கிடக்கும். தூக்கி விட்டா வரும், கீசரைப் போட்டா மறுபடி விழும். பிளம்பருக்குப் போன் போட்டேன். ஒரு எலக்ட்ரீஷியன் பையனோட வந்தார். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு அந்தப் பையன் சொன்னான்: "கீசர் நல்லாத்தான் இருக்குதுங்க. இந்த ஈ.எல்.சி.பி. வீக் ஆயிருச்சு. கீசர் லைனை மட்டும் இதுல சேராம டைரக்டா குடுத்தர்றேன், அப்புறம் விழவே விழாது."

ஸ்க்ரூடிரைவரைக் கையில எடுத்துட்டான். நான் தலையாட்டியிருப்பேன். திண்ணையில உக்காந்திருந்த அப்பாதான், "விழறதுக்குத்தானடா அதை வெச்சிருக்குது, நீ எறங்கு"ன்னு சத்தம் போட்டார். அவர் மில்லுல வேலை பாத்தவர்.

அன்னைக்கு அப்பா வீட்டுல இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் யோசிக்கறதுண்டு. வீட்டு ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்டை வெட்டற மாதிரி செஞ்சது. கீசரைப் போட்டதும் அது விழுதுன்னா கரண்ட் எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். கீசர்ல கசியற இடம் தண்ணி. அந்தத் தண்ணியிலதான் அப்பா தினமும் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து குளிக்கறார். ஈ.எல்.சி.பி.யை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது எர்த் வயர் மட்டும்தான். அதை யார் எப்பப் பாத்தாங்க?

கம்பெனி டோல்ஃப்ரீ நம்பருக்குக் கூப்பிட்டேன். பாலக்காட்டுல இருந்து ஒரு சேட்டன் வந்தார். அடிப்பக்க மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சீரியல் நம்பரை அடிச்சுப் பாத்துட்டு என் முகத்தைப் பாத்தார். "சேச்சி, இது மூணு கொல்லம் (வருஷம்) முன்னாடியே வித்த பீஸ். கார்டுல இருக்கற நம்பர் வேற, பாடியில வேற." வாரண்டி கார்டுல கடை சீல் இல்லை, தேதி இல்லை. யார் வீட்டுலயோ கழட்டினதோ, ஷோரூம்ல மாட்டியிருந்ததோ, புது அட்டைப்பெட்டியில எங்களுக்கு வந்திருக்கு.

தண்ணியைச் சூடாக்கற எலிமெண்டை வெளிய இழுத்தா, ஒரு பக்கெட் சுண்ணாம்புக் கட்டி கூடவே கொட்டிச்சு. எலிமெண்ட் குழலைச் சுத்திச் சுண்ணாம்பு படிஞ்சா சூடு தண்ணிக்கு இறங்காது, குழல் தானே காய்ஞ்சு வெடிப்பு விடும். வெடிப்புல தண்ணி உள்ள போகும், கரண்ட் வெளிய வரும். பக்கத்துல ஒரு கம்பி இருந்தது, ஈர்க்குச்சி கனத்துக்குக் கரைஞ்சு போய். அது மெக்னீசியம் கம்பி, ஆனோடுன்னு சொல்றாங்க. டேங்கைத் துரு தின்னாம இருக்கத் தன்னைக் கரைச்சுக்கற கம்பி. உப்புத் தண்ணியில சீக்கிரம் கரையுமாம். நம்ம ஊருக்கு வருஷம் ஒரு தடவை திறந்து பாக்கணும்னார் சேட்டன். விக்கும்போது இதை ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்றதில்லை.

கிளம்பும்போது இன்னொண்ணும் காட்டினார். கீசர் சூடாகும்போது சேஃப்டி வால்வுல சொட்டுச் சொட்டா தண்ணி வரும், அது வரணும். நாங்க "ஒழுகுது"ன்னு சொன்னோம்னு நம்ம பிளம்பர் அந்த வாயை டம்மி மூடி போட்டு அடைச்சிருந்தார். சூடு ஏறினதும் கரண்டை நிறுத்தற தெர்மோஸ்டாட் மட்டும் வேலை செய்யாம சிக்கிக்கிட்டிருந்தா பிரஷர் போக வழியில்லை.

அப்புறம்தான் தண்ணியையே டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு 200, வேற தண்ணியே கிடைக்கலேன்னா 600 வரைக்கும். எங்க பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவோட கிழக்குப் பக்கம் போர் போட்டவங்களுக்கு இது புதுசா இருக்காது. பாலக்காடு டவுன்ல பத்து வருஷம் ஓடற கீசர் இங்க ஓடும்னு யாரும் கணக்குப் போட வேண்டாம். தெர்மோஸ்டாட்டை 50, 55 டிகிரியில வெச்சா சுண்ணாம்பு படியறது குறையும். நாங்க 75ல வெச்சிருந்தோம்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் மஞ்சச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எங்க பில்லே இல்லீங்களே, இதுல உங்க பேரும் இல்லீங்களே" அப்படின்னார். அவர் சொன்னது உண்மை. நான் அந்தக் கடைக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்ததா ஆதாரம் இல்லை. பிளம்பரைக் கேட்டா, "நான் வேலை செஞ்சவன், சாமான் கடைக்காரரோடது." நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். அவங்க கேட்ட முதல் கேள்வி பில் நம்பர்.

ஒரு விஷயம் அங்கதான் தெரிஞ்சுது. கடை தமிழ்நாட்டுல இருக்கு, நாம கேரளத்துல இருக்கோம், கேஸ் போட கோவைக்கு அலையணும்னு பலர் விட்டுடறாங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், அதாவது பாலக்காட்டுல. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். பில் இருந்திருந்தா கடையைப் பிடிச்சிருப்பேன். இப்ப ஜிபே ரசீதை வெச்சுப் பிளம்பர் மேல மட்டும் கொடுத்திருக்கேன்.

புது கீசரை நானே போய் வாங்கினேன். 15 லிட்டர் போதும்னு அப்பா சொல்லிட்டார். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேல கீசருக்கான தர எண் ஐ.எஸ். 2082, கீழ சி.எம்/எல்ன்னு ஆரம்பிக்கற லைசென்ஸ் நம்பர். அந்த லைசென்ஸ் நம்பரைக் கடையில நின்னபடியே, முத்திரை கொடுக்கற பி.ஐ.எஸ்.ஸோட "பி.ஐ.எஸ். கேர்" ஆப்ல அடிச்சுப் பாத்தேன். பெட்டியைப் பிரிச்சு, பாடியில இருக்கற சீரியல் நம்பரைப் பில்லுல எழுதச் சொன்னேன். கடைப்பையன் முறைச்சான், எழுதினான்.

போன வாரம் பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டு முன்னாடி அதே பிளம்பரோட வண்டி நின்னுது. அவர் இல்லாத நேரமாப் பாத்து உள்ள போய் அந்த அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பேசாம கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சச் சீட்டை எடுத்துட்டு வந்து, "இதுங்களா?"ன்னு கேட்டாங்க. குழாயெல்லாம் முந்தாநாளே சுவத்துல ஏத்தியாச்சு. கீசர் மட்டும் இன்னும் பெட்டியிலயே இருந்தது. ரெண்டு பேருமாச் சேந்து பிரிச்சுச் சீரியல் நம்பரைப் பாத்தோம். கார்டுல இருந்தது வேற.