மறைசாட்சியா, தியாகியா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசையின்போது குண்டு வெடித்து இறந்தவர்களை எந்தச் சொல்லால் நினைப்பது? நினைவுநாள் நோட்டீஸ் அடிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

தியாகி என்றால், தானாக முன்வந்து கொடுத்தவர். உயிரைத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டில் சிறை சென்று திரும்பிய சுதந்திரப் போராட்டக்காரரும் தியாகிதான், அதற்கென்று ஓய்வூதியமும் உண்டு. இலங்கையில் நம் பக்கம் அப்படியில்லை. 1987-இல் நல்லூரில் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதமிருந்து இறந்த விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபனின் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அதனால் கொழும்பில் அதைச் சொன்னாலே அரசியல் வாடை வந்துவிடுகிறது.

மறைசாட்சி திருச்சபையின் சொல், அதற்கு மரணம் கட்டாயம். விசுவாசத்தின்மீதான வெறுப்பால் கொல்லப்பட்டிருக்க வேண்டும். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுடப்பட்ட, கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை அப்படித்தான், 2022-இல் புனிதரானார்.

பூசைக்கு வந்த குழந்தை எதையும் தியாகம் செய்ய வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அதைத் தியாகி என்றால், பறித்தவன் மறைந்து, கொடுத்ததாகக் கதை மாறிவிடும். எனக்கு மறைசாட்சிதான் சரி. 2025-இல் வத்திக்கானும் அன்று இறந்த 167 கத்தோலிக்கரை விசுவாசச் சாட்சிகளின் பட்டியலில் சேர்த்தது.

அதே காலையில் ஹோட்டல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்து இறந்தவர்களுக்கு இரண்டு சொல்லுமே பொருந்தாது. அவர்களுக்குப் பெயரை மட்டும் போடுங்கள்.