ஷாக் வேவா, லேசரா: மச்சானோடு இன்னும் தீராத வழக்கு

போன வருஷம் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குக் கல்லடைப்பு. எனக்கு இடப்பக்கம், 8 மில்லிமீட்டர், சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே. மூன்று மாதம் கழித்து மச்சானுக்கு வலப்பக்கம், 9 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சிறுநீர்ப்பையின் வாசலில். நான் வெளியிலிருந்தே அதிர்வலையால் கல்லை உடைக்கும் ஷாக் வேவ் எடுத்துக்கொண்டேன், அவர் உள்ளே போய் உடைக்கும் லேசருக்குப் போனார். யார் செய்தது சரி என்று கல்யாணப் பந்தியில்கூட வாக்குவாதம் நடக்கிறது.

இரண்டுமே தேவைப்படாமலும் போகலாம். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல், மூன்றில் இரண்டு பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். 5 முதல் 10 வரை என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. வலி மாத்திரை, கல் கீழ்க்குழாயில் இருந்தால் கூடவே குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை என்று நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். எங்கள் இருவருக்கும் பார்த்தார்கள், அசையவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடியுங்கள், தப்பில்லை. குழாயில் இறுகி நிற்கும் கால்சியம் கல்லை அது கரைக்காது, அவ்வளவுதான்.

ஆனால் அடைப்போடு குளிர் காய்ச்சலும் வந்துவிட்டால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அப்போது கல்லை யாரும் தொட மாட்டார்கள். சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூபை வைத்தோ, முதுகு வழியாக டியூப் போட்டோ தேங்கிய சிறுநீரை முதலில் வடிய விடுவார்கள். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, ஷாக் வேவுக்கு வருவோம். இதன் பிறப்பிடம் ஆஸ்பத்திரி இல்லை, விமானக் கம்பெனி. வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதும்போது எழும் அதிர்வலை உலோகத்தை என்ன செய்கிறது என்று ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த அலை உடம்பின் சதையைக் கடந்துபோய்க் கல்லில் மட்டும் வேலை காட்டும் என்பது பிடிபட, 1980 பிப்ரவரியில் ம்யூனிக் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் ஷாசியின் குழு முதல் நோயாளிக்குச் செய்தது. அந்தக் காலத்தில் மயக்கம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்களாம். இப்போது தொட்டி போய், தண்ணீர் நிரப்பிய ஒரு மெத்தை வந்துவிட்டது. இடுப்பில் ஜெல் தடவி அதை ஒட்ட வைக்கிறார்கள்.

எனக்கு வலி ஊசி மட்டும்தான், முழு மயக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் கல்லைக் குறிபார்த்துவிட்டு ஆரம்பித்தார்கள். டக், டக், டக் என்று சத்தம். ஒவ்வொரு அடிக்கும் ரப்பர் பேண்டை இழுத்து முதுகில் சுண்டுகிற மாதிரி இருந்தது. நிமிடத்துக்கு 70 போல, மொத்தம் 3000 அடி, முக்கால் மணி நேரம். "கொஞ்சம் வேகமாக ஓட்டி முடிக்கக் கூடாதா?" என்று டெக்னீஷியனைக் கேட்டேன். "மெதுவாக அடித்தால்தான் நன்றாக உடையும் சார்" என்றார். அது சரிதான், நிமிடத்துக்கு 120 என்று அடிப்பதைவிட 60 முதல் 90 வரை என்றால் கல் நன்றாகப் பொடிகிறது, சிறுநீரகத்துக்கும் அடி குறைவு. சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன்.

இங்கேதான் பலர் கணக்குத் தப்பாகப் போடுகிறார்கள். மிஷின் கல்லை உடைக்கும், வெளியே எடுக்காது. துண்டுகளை உடம்பே தள்ள வேண்டும். முதல் தடவை எனக்கு இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, கல் கீறலோடு அங்கேயே நின்றது. மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை. சிலருக்கு உடைந்த பொடி குழாயில் வரிசையாகக் குவிந்து மறுபடியும் அடைக்கும். ஜெர்மன்காரர்கள் அதற்குக் 'கல் தெரு' என்று பொருள்படப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

லேசர் வேறு வழி. முதுகுத்தண்டில் ஊசியோ முழு மயக்கமோ கொடுத்து, சிறுநீர் கழிக்கும் பாதை வழியாகவே மெல்லிய தொலைநோக்கியைச் செலுத்தி, கல்லை நேரில் பார்த்து உடைத்து, சின்னக் கம்பிக் கூடையால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். இதிலும் கத்தி படுவதில்லை. மச்சானுக்கு ஒரே நாளில் கல் போய்விட்டது. அப்புறம் ஸ்டென்ட் இருந்தது, பதினைந்து நாள். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் விலாவரைக்கும் சுருக்கென்று ஏறும், முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போகவேண்டும் போலிருக்கும். "மாப்ளே, கல்லே தேவலாம்" என்று என்னிடமே சொன்னார். இப்போது கேட்டால் மறுக்கிறார். எல்லோருக்கும் ஸ்டென்ட் கட்டாயம் இல்லை, ஆனால் பலருக்கு வைக்கிறார்கள். அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அந்த டியூபின் மேலேயே கல் படியும், பிறகு அதை எடுப்பதே ஒரு ஆபரேஷன்.

எண்ணில் சொன்னால், பிரிட்டனில் சிறுநீர்க்குழாய்க் கல் உள்ள 600க்கும் மேற்பட்டவர்களை இரண்டு வழிக்கும் குலுக்கலில் பிரித்து ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். ஷாக் வேவில் ஆரம்பித்தவர்களுக்கு இரண்டு முறைவரை அனுமதி. அதற்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 100க்கு 22 பேர். லேசர் பக்கம் 10 பேர். இதை வைத்து மச்சான் ஜெயித்ததாகக் கொண்டாடுவார். நான் வேறு மாதிரி படிக்கிறேன்: ஐந்தில் நான்கு பேர் தொலைநோக்கியும் மயக்கமும் இல்லாமலே தப்பித்திருக்கிறார்கள்.

ஆனால் யாருக்கு எது என்பதை இந்தச் சராசரி முடிவு செய்வதில்லை, சி.டி. ஸ்கேன் முடிவு செய்கிறது. அந்த ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், எச்.யூ. என்று ஒரு எண் இருக்கும். கல்லின் அடர்த்தி அது. 1000க்கு மேல் போனால் ஷாக் வேவுக்கு உடைவது சந்தேகம். எனக்கு 850. தோலிலிருந்து கல்வரை 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும், அதாவது நல்ல தடிமனான உடம்பு என்றாலும், அலை வலுவிழந்துதான் போய்ச் சேரும். கல் குழாயின் மேல்பகுதியில் இருந்தால் என் வழிக்கு வாய்ப்பு நன்றாகவே உண்டு. கீழே இருந்தால் லேசர் சுலபமாக எட்டும், அங்கே நான் வாதாடவே மாட்டேன். மேலே இருக்கும் கல்லை லேசரில் தொடப்போய் அது நழுவிச் சிறுநீரகத்துக்குள்ளேயே ஏறிவிடுவதும் உண்டு. யூரிக் ஆசிட் கல் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் குழாயில் அதை ஷாக் வேவுக்குக் குறிபார்ப்பது சிரமம். கர்ப்பிணிகளுக்கு ஷாக் வேவ் கூடவே கூடாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும் அப்படியே, அவர்களுக்கு லேசர்தான். சிறுநீரகத்துக்குள்ளேயே 20 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்ட கல் என்றால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பது தனிக் கதை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்று. ஷாக் வேவ் என்றால் "இரண்டாம் முறைக்கும் இதே பேக்கேஜா?" லேசர் என்றால் "ஸ்டென்ட் எடுப்பதும் சேர்த்தா?" நான் கேட்காமல் விட்டு, இரண்டு தடவையும் முழுசாகக் கட்டினேன்.

இரண்டாம் முறைக்குப் பிறகு டீ வடிகட்டி ஒன்றைக் கொடுத்து, சிறுநீரை அதில் வடித்துத் துணுக்குகளைச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கல் எந்த வகை என்று தெரிந்தால் அடுத்தது வராமல் பார்த்துக்கொள்ள உதவுமாம். எட்டு நாள் தவறாமல் வடித்தேன், ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஆபீஸ் பாத்ரூமில் பொலபொலவென்று விழுந்தது. வடிகட்டி வீட்டில் இருந்தது. மச்சானுடைய கல் மட்டும் ஷோகேஸில், லேபிள் ஒட்டிய குப்பியில், 'கால்சியம் ஆக்சலேட்' என்று இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.