ஆண் கால்களுக்கு ஹீல்ஸ் பூட்ஸ்: இணையத்தில் வாங்கியதும் நாகர்கோவிலில் தைத்ததும்

என்னிடம் இரண்டு ஜோடி ஹீல்ஸ் பூட்ஸ் இருந்தன. ஒன்று, பெண்களுக்கான பெரிய அளவில் இணையத்தில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய செயற்கைத் தோல் பூட்ஸ். மற்றொன்று, நாகர்கோவில் வடசேரிப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் என் காலை அளவெடுத்து 6,800 ரூபாய்க்குச் செய்துகொடுத்த மாட்டுத்தோல் பூட்ஸ். முதல் ஜோடி இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் குப்பைக்குப் போய்விட்டது. இரண்டாவது ஜோடிக்கு இப்போது நான்கு வயது. ஹீல்ஸ் அணிய விரும்பும் ஆண்கள் இம்மாவட்டத்தில் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதை அறிவேன். அவர்களில் எவரேனும் முதல் ஜோடி வாங்கும் எண்ணத்தில் இருந்தால், இணையத்தில் செலவழிக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, நேராகத் தைக்கும் இடத்துக்கே போகும்படி சொல்வேன். நான் இவ்வாறு சொல்வதற்கு அழகும் வசதியும் சிறிய காரணங்களே. பெரிய காரணம் பராமரிப்பு.

ஏன் இதை அணிகிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது. உயர்ந்த ஹீலில் நிற்கும்போது முதுகு தானாக நிமிர்கிறது, கெண்டைக்கால் இறுகுகிறது, மொட்டைமாடிச் சிமென்ட் தரையில் ஹீல் ஊன்றும்போது எழும் அந்தக் கட்டையான ஒலி மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. பெண்ணாகத் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவ்வாறு விரும்பி அணிபவர்களைக் குறைத்துச் சொல்லும் எண்ணமும் இல்லை. ஹீலின் வரலாற்றைப் பார்த்தால் அதைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக எண்ணுவதற்கு நியாயமும் இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள், எழுந்து நின்று அம்பு எய்யும்போது கால் நழுவாமல் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் மிதிவளையத்தில்) பிடித்து நிற்பதற்காக ஹீல் அணிந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் அதை விரும்பி ஏற்றார்கள். பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயியை 1701-இல் இயசாந்த் ரிகோ வரைந்த ஓவியத்தில், மன்னரின் சிவப்பு ஹீல்கள் பார்ப்பவர் கண்ணில் படும்படியாகவே தீட்டப்பட்டிருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஆண்களிடையே அந்த வழக்கம் மங்கிய பிறகும், அமெரிக்க மாடு மேய்ப்பவர்களின் பூட்ஸிலும், 1960-களில் பீட்டில்ஸ் குழுவினர் அணிந்த கியூபன் ஹீல் பூட்ஸிலும் அது தொடர்ந்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். விலையில் ஆயத்த பூட்ஸ் மலிவு. வாரத்துக்குள் வீடு வந்து சேர்கிறது. கடையில் எவர் முன்னும் அணிந்து பார்க்கும் கூச்சம் இல்லை. நிறங்களுக்கும் வடிவங்களுக்கும் குறைவில்லை. தைத்த பூட்ஸுக்கு நான் மூன்று வாரம் காத்திருந்தேன், நான்கு முறை நேரில் போனேன். மறுவிற்பனை மதிப்பு இரண்டுக்குமே இல்லை. இவை பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பெண்கள் காலணி பெரும்பாலும் 8-ஆம் எண்ணுடன், அதாவது ஐரோப்பியக் கணக்கில் ஏறத்தாழ 41-உடன் நின்றுவிடுகிறது. என் கால் 9. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. இணையத்தில் தேடி 9-ஆம் எண் கிடைத்தபோதும் நீளம் மட்டுமே பொருந்தியது. விரல்களின் அடிப்பகுதியில், பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தில், பூட்ஸ் என் காலைப் பிடித்து அழுத்தியது. ஆண்களின் பாதம் அங்கு பொதுவாகவே அகலம் கூடியது. ஹீல் உயர உயர உடல் எடை அந்த இடத்துக்கே இறங்குவதால், தட்டையான செருப்பில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இறுக்கம் ஹீலில் அரை மணி நேரத்தில் எரிச்சலாகிவிடும்.

பெரிய கால் உள்ளவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. 9 செ.மீ. ஹீல் 23 செ.மீ. பாதத்தை எவ்வளவு சரிவாக நிறுத்துமோ, அதே சரிவை என்னுடைய 27.5 செ.மீ. பாதத்துக்குத் தர ஏறத்தாழ 10.8 செ.மீ. ஹீல் வேண்டும். ஆகவே, ஹீல் உயரத்தின் எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை, ஏழரை செ.மீ. உயரம் ஆண் காலுக்கு மிதமானதுதான். எடைதான் நமக்குப் பாதகம். நான் 78 கிலோ. அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பது முக்கியம். ஊசி ஹீலின் நுனி ஒரு சதுர செ.மீ. அளவே இருக்கும், என் பூட்ஸின் கட்டை ஹீலோ நாலரைக்கு ஐந்து செ.மீ., அதாவது இருபத்திரண்டரை சதுர செ.மீ. கடைவீதி நடைபாதைகளில் பதித்திருக்கும் பேவர் பிளாக் கற்களின் இடுக்குகளில் ஊசி ஹீல் சிக்கிக்கொள்ளும். கட்டை ஹீல் அவற்றைக் கடந்துவிடும்.

இப்போது பராமரிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை முழுமையாக விலகுவதில்லை. இதனுடன், கடலுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்கிறது. வேறு ஊர்க்காரர்கள் எழுதும் பரிந்துரைகள் இங்கே பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

செயற்கைத் தோல் பூட்ஸின் மேற்பூச்சும், பலவற்றில் அடிப்பாகமும் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனவை. அதில் பரவலாகப் பயன்படும் ஒரு வகை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி, மூலக்கூறுகள் துண்டு துண்டாக அறுந்து, தானாகவே சிதைகிறது. அணியாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் இது நடக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் விரைவாகவே நடக்கும். நான் என் முதல் ஜோடியை அட்டைப்பெட்டியில், அது வந்த பிளாஸ்டிக் உறையுடனேயே, இரண்டு மழைக்காலம் வைத்திருந்தேன். மொத்தமாக இருபது முறைகூட அணிந்திருக்க மாட்டேன். ஒரு திருமண மண்டபத்தின் படியில் ஏறும்போது இடது காலின் அடிப்பாகம் முன்பக்கத்தில் வாய் திறந்தது. வீட்டுக்கு வந்து விரலால் அழுத்திப் பார்த்தேன், புட்டுப்போல் உதிர்ந்தது. கணுக்காலின் மடிப்பில் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. மறுநாள் அதைத் தைப்பவரிடம் கொண்டுபோனபோது, அவர் சொல்யூஷன் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. பசை பிடிப்பதற்கு அடியில் உறுதியான பொருள் வேண்டும். பொருளே தூளாகும்போது எதை எதனுடன் ஒட்டுவது?

ஜிப்பும் இங்கே முக்கியமானது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் காலணியைக் கழற்றித்தான் உள்ளே போகிறோம். கயிறு கட்டும் பூட்ஸை ஒரு நாளில் ஐந்து முறை கழற்றி மாட்ட முடியாது; ஆகவே பக்கவாட்டு ஜிப் இல்லாத பூட்ஸை இங்கே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், ஆயத்த பூட்ஸில் இருந்த முலாம் பூசிய உலோக ஜிப், உப்புக் காற்றில் ஓராண்டுக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பாதி வழியில் இறுகி நின்றது. தைத்த பூட்ஸுக்கு, தையல் சாமான் விற்கும் கடையில் நைலான் சுருள் ஜிப்பை நானே வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதன்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறேன். நான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட அது சிக்கியதில்லை.

மாட்டுத்தோல் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். ஜூன், ஜூலையில் பூஞ்சை கட்டாயம் வரும். முதல் ஆண்டு, ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். தோல் கறுத்தது, பூஞ்சை முன்பைவிடத் தடிமனாகப் படர்ந்தது. இப்போது எண்ணெயைத் தொடுவதில்லை. நனைந்து வந்தால் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காமல், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுகிறேன். காய்ந்த பிறகு மெழுகு பாலிஷ். பூஞ்சை வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து மறுபடியும் காற்றில் வைக்கிறேன். பெட்டிக்குள் ஒருபோதும் வைப்பதில்லை. திறந்த தட்டில்தான் வைத்திருக்கிறேன். மாதம் அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரம் தோலைக் காக்கிறது என்பதும், பாலியூரித்தேனுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் சிதைவைத் தள்ளிப்போட முடியுமே தவிர நிறுத்த முடியாது என்பதுமே இவ்விரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு.

அடுத்தது, ஹீலின் அடி. நடக்கும் எவருக்கும் ஹீலின் அடி ரப்பர் தேயும். 78 கிலோ எடைக்கு விரைவாகவே தேயும். ஆயத்த பூட்ஸின் ஹீல் உள்ளீடற்ற பிளாஸ்டிக். அதன்மேல் செயற்கைத் தோலை ஒட்டியிருப்பார்கள். அடி ரப்பர் தேய்ந்ததைக் கவனிக்காமல் ஒரு வாரம் நடந்தால் பிளாஸ்டிக் உரசிச் சாய்ந்துவிடும், மேலுறை சுருண்டு ஏறும். அதைச் சீராக்க வழியில்லை. என் தைத்த பூட்ஸின் ஹீல் முழுவதும் அடிமானத் தோலின் அடுக்கு: 5 மி.மீ. தடிமனில் 14 அடுக்குகள், அடியில் 6 மி.மீ. ரப்பர். தேய்ந்தால் கடைசி அடுக்கைப் பெயர்த்துப் புதியதை அறைந்துகொள்ளலாம். இதுவரை மூன்று முறை ரப்பர் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 120 ரூபாய், கால் மணி நேரம்.

தைக்கக் கொடுப்பதிலும் இடர் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தட்டையான ஷூவுக்கு உரிய அச்சில் (கால் வடிவக் கட்டையில்) தைத்துவிட்டுப் பின்னர் உயரமான ஹீலை ஒட்ட முடியாது. பாதம் சரிந்து நிற்கும் வடிவத்திலேயே அச்சு இருக்க வேண்டும். ஆணின் அளவில் அப்படிப்பட்ட அச்சு பெரியவரிடம் இல்லை. பெண்களுக்கான 8-ஆம் எண் அச்சை எடுத்து, விரல் முனையிலும் பாதத்தின் அகன்ற பகுதியிலும் தோல் துண்டுகளை ஒட்டி, அரத்தால் ராவி, என் காலின் அளவுக்குக் கொண்டுவந்தார். முதல் முறை செய்தது சரியாக வரவில்லை. ஹீல் ஒரு விரற்கடை பின்னால் தள்ளி அமைந்ததால், நிற்கும்போது கால் ஆட்டம் கண்டது. நான் உயரத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் என்னை நிற்க வைத்து, குதிகால் எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். “மக்களே, ஒசரம் காரியமில்ல, அது எங்கன இருக்குங்கதுதான் காரியம்” என்றார். ஹீலைப் பெயர்த்து முன்னே நகர்த்தி, பாத வளைவுக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாக எஃகுப் பட்டைகளை வைத்தார். அதன் பிறகு ஆட்டம் நின்றது. ஆண்களின் எடைக்கு அந்த எஃகுப் பட்டை மிகவும் இன்றியமையாதது. எவரிடம் தைக்கக் கொடுத்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கூச்சத்தைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், முதன்முதலாக வாயைத் திறந்து கேட்கும் அந்த ஒரு நிமிடம்தான் கடினமாக இருந்தது. ‘எனக்குத்தான் அண்ணாச்சி’ என்று சொன்ன பிறகு, அவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கத் தொடங்கினார். மார்த்தாண்டத்தில் நண்பரின் தேவாலயத் திருமணத்துக்குக் கோட்டுடன் அதை அணிந்து சென்றேன். இரண்டு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். ஓர் அத்தை, கால் வலிக்காதா என்று கேட்டார்.

வலிக்கும், அளவு மீறினால். தொடர்ந்து பல ஆண்டுகள் நாள் முழுவதும் ஹீல் அணிபவர்களுக்குக் கெண்டைக்கால் தசை குறுகி, குதிகால் தசைநாண் விறைக்கும். ஆகவே, நான் ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு மேல் அணிவதில்லை. கழற்றிய பிறகு படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைக் கீழே இறக்கித் தசையை நீட்டுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் 5 செ.மீ. உயரத்தில் சில மாதம் பழகிவிட்டு மேலே போவது நல்லது. 9 செ.மீ.க்கு மேல் நான் அணிந்ததில்லை. முழங்கால் வரை உயரும் பூட்ஸையும் ஸ்வீடு தோலையும் பயன்படுத்தியதில்லை. எனவே, அவற்றுக்கு என் கணக்குகள் பொருந்தும் என்று உறுதி கூற மாட்டேன். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும், ஒரு விழாவுக்காக, மாறுபட்ட நிறத்தில் வேண்டும் என்பவர்களுக்கு ஆயத்த பூட்ஸே போதுமானதாக இருக்கலாம். அப்படி வாங்கினால் அந்த ஆண்டிலேயே அணிந்து முடித்துவிடுங்கள், சேர்த்து வைக்காதீர்கள்.

அடுத்த ஜோடிக்குச் சொல்லிவைத்துவிட்டேன்: முன்பக்கம் ஒன்றரை செ.மீ. தளமும் பின்னால் 9 செ.மீ. ஹீலும், ஆகவே, காலுக்குத் தெரியும் உயரம் பழைய ஏழரை செ.மீ. மட்டுமே. தோல் துண்டுகள் ஒட்டிய அந்த அச்சைப் பெரியவர் உடைக்காமல், பக்கத்தில் நீலப் பேனாவால் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். ஈரக்காற்றில் சொல்யூஷன் சரியாகக் காயாது என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.