கியோங்ஜு டூர் போகிறவர்களே, ஜின்செங் கடையில் நிறுத்தினால் உஷார்: போனது 4,20,000 வொன்

கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்கொரியாவில் பூசானிலிருந்து கியோங்ஜுவுக்கு ஒருநாள் பஸ் டூர், ஆன்லைன் புக்கிங் தளம் ஒன்றில் போட்டது. நடுவில் ஒரு ஜின்செங் (கொரிய மருந்து வேர்) கடை. அங்கே போனது 4,20,000 வொன். நம் கணக்கில் கிட்டத்தட்ட இருபத்தைந்தாயிரம் ரூபாய். தளம், டூர் கம்பெனி, கடை எதன் பெயரையும் இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்திலேயே ஒரு கோல்மால் இருக்கிறது. "எல்லா நுழைவுக் கட்டணமும் சேர்த்து" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். புல்குக்சா கோயிலுக்கும் சொக்குராம் குகைக்கோயிலுக்கும் 2023 மே 4 முதல் யாருக்கும் கட்டணமே கிடையாது. தேசிய அருங்காட்சியகம் இலவசம். சொம்சொங்தே வானாய்வுக் கோபுரம் இலவசம். தெரெங்வொன் கல்லறைப் பூங்காவில் சும்மா நடக்கலாம்; சொன்மாசொங் கல்லறைக்குள் போக மட்டும் 3,000 வொன். தொங்குங் அரண்மனை, வொல்ஜி குளத்துக்கு இன்னொரு 3,000. அவர்கள் "சேர்த்து" கொடுத்தது மொத்தம் ஆறாயிரம் வொன், அவ்வளவுதான். இதில் சொக்குராமையும் "மலைப் பாதையில் நெரிசல்" என்று வெட்டிவிட்டார்கள். அப்படி மிச்சம் பிடித்த நேரம் முழுக்க ஜின்செங் கடைக்குப் போனது. நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்துக்குப் பெயர் "பாரம்பரிய மருத்துவப் பண்பாட்டு மையம்".

உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஆள். சின்னக் கிண்ணத்தில் சூடாக ஜின்செங் டீ. இந்திய முகத்தைப் பார்த்ததும் "எங்கள் ராணி உங்கள் ஊர்ப் பெண்" என்று ஆரம்பித்தார். இந்தியாவில் இருந்ததாக அவர்கள் சொல்லும் அயுத்தா நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த ராணி ஹொ ஹ்வாங்-ஓக் கதை. சொந்தக்காரர் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனால் அந்த ராணி போய்ச் சேர்ந்தது கிம்ஹே பக்கத்துக் கயா நாட்டுக்கு. கியோங்ஜு சில்லா நாட்டின் தலைநகரம். அந்தக் கயாவை 532இல் விழுங்கியதே சில்லாதான். விற்கிறவருக்கு அதெல்லாம் எதற்கு?

அப்புறம் கண்ணாடிப் பெட்டியிலிருந்து காய்ந்த வேரை எடுத்துக் காட்டினார். ஹொங்சம், அதாவது அவித்துக் காயவைத்த சிவப்பு ஜின்செங்கில் தரம் மூன்று: மேலே சொன்சம், அடுத்து ஜிசம், அதற்கும் கீழே யாங்சம். உள்ளே ஓட்டையோ வெள்ளைத் திட்டோ இல்லாமல் கெட்டியாக இருப்பதுதான் முதல் தரம். காட்டிய வேர் அசல்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கக் கொடுத்த டீயும் அசல். கசப்பு தொண்டை வரை இறங்கியது. "ஆறு வருட வேர், தோஹம்சான் மலையில் எங்கள் சொந்தத் தோட்டம், இதே சாறுதான் பாட்டிலில்" என்றார். ஜின்செங்குக்குப் பேர்போன ஊர்கள் கும்சான், புங்கி, காங்ஹ்வா. கியோங்ஜு அந்த வரிசையில் வராது. தோஹம்சான் 1968இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே இவர்களுக்குச் சொந்த ஜின்செங் தோட்டமா?

240 கிராம் பாட்டில் மூன்று, பட்டுத்துணி சுற்றிய பெட்டி, 4,20,000 வொன். துணியைப் பிரித்தால்தான் லேபிள் தெரியும். மொழிபெயர்ப்பு ஆப்பின் கேமராவைப் பின்பக்கம் காட்டியதும் குட்டு வெளிப்பட்டது. உணவு வகை என்ற இடத்தில் "திரவத் தேநீர்". ஹொங்சம் சாறு 6 சதவீதம். மீதி சர்க்கரைப் பாகு, இலந்தைச் சாறு, தண்ணீர். வாயில் வைத்தால் தித்திப்பு!

அசல் பாட்டிலில் மூன்று விஷயம் இருக்கும். ஒன்று, உணவு மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் "கன்காங் கிநுங் சிக்பும்" (உடல்நலப் பயனுள்ள உணவு) முத்திரை. இரண்டு, ஹொங்சம் சாறு 100 சதவீதம் என்ற வரி. மூன்றாவதுதான் முக்கியம்: ஜின்செங்கில் இருக்கும் ஜின்செனோசைடு என்ற சத்தில் ஆர்ஜி1, ஆர்பி1, ஆர்ஜி3 வகை மூன்றும் சேர்ந்து எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எதிர்ப்புச் சக்திக்கு என்று விற்கிற பொருளில் ஒரு நாள் அளவுக்கு அது 3 முதல் 80 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் வேர்ப் படம் மட்டும் பெரிசாக இருக்கிறது.

பணம் வாங்குவதிலும் தில்லுமுல்லு. "ரூபாயிலேயே போட்டுவிடலாம், உங்களுக்குக் கணக்கு சுலபம்" என்று கார்டு மெஷினில் அவர்களே தட்டிவிடுகிறார்கள். வொன்னில் போட்டால் மாற்று விகிதம் நம் வங்கியுடையது. ரூபாயில் போட்டால் மெஷின்காரன் வைத்ததுதான் விலை; சில வங்கிகள் அதற்கும் தனியாகக் கட்டணம் பிடிக்கும். "ஏர்போர்ட்டில் வரி திரும்பி வந்துவிடும்" என்பது அடுத்த பொய். 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் வரித் திருப்பம் உண்டுதான். ஆனால் அதற்குக் கடை பதிவு செய்திருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தனிச் சீட்டு அடித்துத் தர வேண்டும். இங்கே கொடுத்தது வெறும் கார்டு ரசீது. அதை வைத்து ஏர்போர்ட்டில் ஒன்றும் பெயராது.

திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும்? கடைக்கு போன் போட்டால் "பிரித்துவிட்டீர்களே, எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பிரிக்காமல் லேபிளை எப்படிய்யா பார்ப்பது? டூர் கம்பெனி "கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்கிறது. வண்டியை அங்கே கொண்டு போய் நிறுத்தியது பேயா? புக்கிங் தளத்தின் சாட்டில் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்", அதே வரி திரும்பத் திரும்ப. கடைசியில் அடுத்த புக்கிங்குக்கு 10,000 வொன் கூப்பன். போனது 4,20,000 வொன் ஐயா! ஏழு நாளுக்குள் திருப்பும் சட்டம் ஆன்லைனில் வாங்கியதற்குத்தான், கடையில் நேரில் வாங்கியதற்குக் கிடையாது. அவர்கள் ஒளிந்துகொள்வது அந்தச் சந்தில்தான்.

எப்படித் தப்பிப்பது என்று விலாவாரியாக எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: டூர் விவரத்தில் "பண்பாட்டு மையம்", "மூலிகைக் கூடம்" என்று எது இருந்தாலும் அது கடை. டூரே தேவையில்லை, பூசான் நோபோ பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம்தான், கியோங்ஜு பஸ் நிலையத்திலிருந்து புல்குக்சாவுக்கு 10, 11 நம்பர் டவுன் பஸ், அங்கிருந்து சொக்குராமுக்கு 12. கார்டு போட்டால் வொன்னில் மட்டும். துணி சுற்றிய பெட்டி என்றால் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பிரிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிள், ரசீது, விளம்பரப் பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்து, "சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு" என்று கார்டு வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். கொரியாவில் இருக்கும்போதே 1330க்கு அடித்தால் சுற்றுலா உதவி மையத்தில் ஆங்கிலத்தில் பேசுவார்கள். உணவுப் பொருள் மோசடிக்கு 1399.